புகார் கொடுப்பதற்கு முன்னால் ஊர் செய்யக்கூடியது

கேட்டிருப்பவர் மகளிர் சுய உதவிக் குழுக்களின் ஊராட்சிக் கூட்டமைப்பில் இருக்கும் ஒரு பெண். அவர் தெருவில் ஒரு வீடு. அப்பாவுக்குக் கொத்து வேலை, சனிக்கிழமை கூலி கைக்கு வந்ததும் குடி. அம்மா நூற்பாலையில் மதியம் இரண்டு மணி ஷிப்டுக்குப் போனால் திரும்ப இரவு பத்தரை ஆகிறது. பன்னிரண்டு வயதில் ஒரு பெண், நான்கு வயதில் ஒரு பையன், எட்டு மாதத்தில் ஒரு கைக்குழந்தை. பெரியவள் அடிக்கடி பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டுவிட்டுக் கைக்குழந்தையைப் பார்க்கிறாள். பையன் அடி வாங்கி அழுவது தெரு முழுக்கக் கேட்கிறது. "குழந்தைகள் உதவி எண் 1098-க்குச் சொன்னால் பிள்ளைகளைக் கொண்டுபோய் குழந்தைகள் இல்லத்தில் சேர்த்துவிடுவார்களோ என்று பயம். சொல்லாமல் இருக்கவும் மனசு கேட்கவில்லை. நாங்களாக என்ன செய்யலாம்?" என்பது கேள்வி.

நீங்களாகச் செய்யக்கூடியது நிறைய இருக்கிறது. ஆனால் அதற்கு முன், இது தெரு சேர்ந்து தூக்கிவிடக்கூடிய வீடா, இன்றைக்கே தகவல் சொல்லவேண்டிய வீடா என்று பிரித்துவிட வேண்டும். இந்த இரண்டையும் குழப்பிக்கொள்வதில்தான் பிள்ளைகளுக்கு அதிகக் கேடு வருகிறது.

பாலியல் தொல்லை என்ற சந்தேகம் துளி இருந்தாலும் அங்கே குடும்ப ஆதரவு, அறிவுரை, பெரியவர்களை வைத்துப் பேசுவது எதற்கும் இடமில்லை. பாலியல் குற்றங்களிலிருந்து பிள்ளைகளைக் காக்கும் 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டத்தின் 19-ஆம் பிரிவுப்படி, தெரிந்தவர் எவரும் காவல்துறைக்குச் சொல்லியே ஆகவேண்டும். மறைத்தால் 21-ஆம் பிரிவின் கீழ் ஆறு மாதம் வரை சிறை உண்டு. நல்லெண்ணத்தில் சொன்னவர் மேல் வழக்கு வராது என்பதும் அதே சட்டத்தில் இருக்கிறது. ஊரில் உட்கார்ந்து பணம் வாங்கிக் கொடுத்து முடிப்பதும், அவனுக்கே கட்டிவைத்துவிடலாம் என்று பேசுவதும் குற்றத்தோடு சேர்ந்த குற்றம். பிள்ளையிடம் துருவித் துருவிக் கேட்க வேண்டாம். "நீ சொன்னது நல்லது, உன்மேல் தப்பில்லை" என்று சொல்லிவிட்டு, சொன்னதைச் சொன்ன வார்த்தையிலேயே எழுதி வையுங்கள். குளிப்பாட்டாமல், உடுப்பைத் துவைக்காமல், கழற்றிய உடுப்பைக் காகிதப் பையில் போட்டு (பிளாஸ்டிக் பையில் ஈரம் கோத்துத் தடயம் கெடும்) அரசு மருத்துவமனைக்குப் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து 72 மணி நேரத்துக்குள் தொடங்கினால்தான் பயன். எப்.ஐ.ஆர். கொண்டுவந்தால்தான் பார்ப்போம் என்று சொல்ல மருத்துவமனைக்கு உரிமை கிடையாது.

அடி விஷயத்தில் பிரிப்பது எப்படி? ஓடி விளையாடும் பிள்ளைக்கு முட்டியிலும் முழங்காலிலும் நெற்றியிலும் காயம் இருப்பது சகஜம். நான்கு வயதுக்குள் இருக்கும் பிள்ளைக்கு மார்பு, வயிறு, முதுகு, காது, கழுத்து ஆகிய இடங்களில் கன்றிப்போயிருந்தால் அது விழுந்து வந்த காயமாக இருப்பது அரிது. நான்கு மாதம் நிறையாத சிசுவின் உடம்பில் எந்த இடத்தில் கன்றல் இருந்தாலும் அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். புரளவே தெரியாத குழந்தை தானாக அடிபட்டுக்கொள்ளாது. கரண்டி, பெல்ட், பீடி இவற்றின் அச்சு தெரியும் தழும்பு எந்த வயதானாலும் எச்சரிக்கை. ஒன்றில் மட்டும் நிதானம் தேவை. நம் குழந்தைகள் பலருக்குப் பிறவியிலேயே இடுப்புக்குக் கீழே நீலம் பாய்ந்த மச்சம் இருக்கும். அதைக் காயம் என்று நினைத்து ஒரு தாயைக் குற்றவாளி ஆக்கிவிடக் கூடாது. மச்சம் வாரக்கணக்கில் அப்படியே இருக்கும். கன்றல் சில நாளில் பச்சை, மஞ்சள் என நிறம் மாறி மறையும்.

இந்த எச்சரிக்கைக் காயங்களில் ஏதாவது இருந்தாலும், கைக்குழந்தை துவண்டு கிடந்தாலும், பெற்றவர் ஒருவர் பிள்ளையைக் கொன்றுவிடுவேன் என்று மிரட்டினாலும் 1098 அல்லது அவசர உதவி எண் 112-க்கு உடனே பேசுங்கள். இல்லாத பட்சத்தில், நீங்கள் விவரித்திருப்பது பெரும்பாலும் தாங்கமுடியாத சுமையில் சரிந்துகொண்டிருக்கும் வீடு.

இனி அந்தப் பயம். சொன்னால் பிள்ளைகளைப் பிடுங்கிக்கொள்வார்கள் என்பது பாதி உண்மைகூட இல்லை. 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம், குழந்தையை வளர்க்கும் முதல் பொறுப்பு குடும்பத்துடையது, இல்லத்தில் சேர்ப்பது கடைசி வழி என்று தன் அடிப்படைக் கொள்கையிலேயே சொல்கிறது. தகவல் போனதும் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகிலிருந்து ஆள் வந்து பார்ப்பார்கள். தேவைப்பட்டால் பிள்ளையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுபோவார்கள். ஒரு தலைவரும் நான்கு உறுப்பினர்களும் கொண்ட அந்தக் குழு, வீட்டு நிலையை விசாரித்து அறிக்கை கேட்கும். பிள்ளையைப் பெற்றோரிடமே விட்டு ஒரு பணியாளரைக் கண்காணிக்கச் சொல்லவும், மாத உதவித்தொகைக்கு உத்தரவிடவும் அதற்கு அதிகாரம் உண்டு. ஆகவே 1098-ஐப் பிள்ளை பிடிக்கிற எண்ணாக நினைக்காதீர்கள். உதவி கேட்பதற்கும் அதே எண்தான். அந்த அம்மாவே கூடக் கூப்பிடலாம்.

அந்த வீட்டுக்கு யார் போவது என்பதில்தான் பாதி வெற்றி இருக்கிறது. குழு லோன் தவணை வசூலிப்பவர் போகக் கூடாது. அவரைக் கண்டதும் அந்த அம்மாவுக்குக் கடன்தான் ஞாபகம் வரும், பிள்ளைகளைப் பற்றி வாய் திறக்க மாட்டார். கணவன் வழிச் சொந்தமும் வேண்டாம். இருவராகப் போங்கள். ஒருவர் அவர் வயதை ஒத்த, பிள்ளை வளர்த்த பெண், இன்னொருவர் அங்கன்வாடி டீச்சர் அல்லது கிராம சுகாதார செவிலியர். நர்ஸம்மாவுக்கும் டீச்சருக்கும் தடுப்பூசி, எடை, சத்துமாவு என்று அந்த வாசலை மிதிக்க ஏற்கெனவே காரணம் இருக்கிறது. தெருவில் யாரும் வித்தியாசமாகப் பார்க்க மாட்டார்கள். அவர் ஷிப்டுக்குக் கிளம்பும் நேரத்திலோ கணவன் போதையில் இருக்கும் நேரத்திலோ போகாதீர்கள். காலை பத்து, பத்தரை சரியான நேரம்.

"பிள்ளைய ஏம்மா இப்படிப் போட்டு அடிக்கிற?" என்று ஆரம்பித்தால் அன்றோடு கதவு மூடிவிடும். "சின்னவன் ராத்திரி தூங்க விடுறானா? ஷிப்ட் முடிச்சு வந்து நீ எப்பம்மா சாப்பிடுற?" என்று கேட்டுப் பாருங்கள். பதில் வரும். முதல் நாள் கேட்பது மட்டும் போதும், புத்தி சொல்ல வேண்டாம். கிளம்பும்போது சிறியதாக, கட்டாயம் செய்துவிடக்கூடிய ஒன்றைச் சொல்லிவிட்டு வந்து அதைச் செய்துவிடுங்கள். சத்துமாவுப் பாக்கெட்டை வீட்டுக்குக் கொண்டுவந்து கொடுப்பதாக இருந்தாலும் சரி. சொன்னதைச் செய்யாமல் இரண்டாவது முறை போனால் மூன்றாவது முறை யாரும் பேச மாட்டார்கள். முதல் இரண்டு மாதம் வாரம் ஒரு முறை, பிறகு பதினைந்து நாளுக்கு ஒரு முறை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரே மாதத்தில் பத்துத் தடவை போய்விட்டு அப்புறம் மறந்துபோவதுதான் வழக்கமாக நடக்கும் தவறு.

இரண்டாவது சந்திப்பில் பிள்ளைகள் யார் கையில், எந்த மணிக்கு இருக்கிறார்கள் என்று ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். காலை ஆறு முதல் இரவு பதினொன்று வரை, வாரத்தின் ஏழு நாளும். உங்கள் கேள்வியை வைத்துப் பார்த்தால் ஓட்டை இருப்பது மதியம் ஒன்றரை முதல் இரவு பத்தரை வரை. அங்கன்வாடி மாலையில் மூடிவிடும். அதற்குப் பிறகு சுமார் ஆறு மணி நேரம் ஒரு பன்னிரண்டு வயதுச் சிறுமி இரண்டு உயிருக்குப் பொறுப்பு. அடியும், சூடும், அடுப்பில் வெந்துபோவதும், தொட்டியில் விழுவதும் இந்த இடைவெளியில்தான் நடக்கும். இதை அடைக்காமல் பெற்றோருக்கு எத்தனை ஆலோசனை சொன்னாலும் பயன் இல்லை.

அடைக்கும் வழிகள்: நான்கு வயதுப் பையன் முழு நேரமும் அங்கன்வாடியில் இருக்கட்டும், மாலையில் கூட்டிவர ஆள் யார் என்று பெயர் சொல்லி முடிவு செய்யுங்கள். கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்ள அதே தெருவில் ஒரு பாட்டியோ, வீட்டில் தையல் போடும் பெண்ணோ இருப்பார். அவருக்கு மாதம் ஒரு தொகை பேசிக் கூட்டமைப்பு மூலம் கொடுங்கள். சும்மா பார்த்துக்கொள்ளச் சொன்னால் பத்து நாளில் சலிப்பு வந்துவிடும், அந்த அம்மாவும் கடன்பட்டதுபோல் கூனிக்குறுகுவார். இரண்டு வீட்டுப் பிள்ளைகளுக்கு மேல் ஒருவரிடம் விட வேண்டாம். பார்த்துக்கொள்ளும் வீட்டில் யார் யார் வந்துபோகிறார்கள் என்று அவசியம் விசாரியுங்கள். நெருங்கியவர்களால்தான் பெரும்பாலான பாலியல் தொல்லைகள் நடக்கின்றன. ஆலை நிர்வாகத்திடம் பகல் ஷிப்டுக்கு மாற்றிக் கேட்பது இன்னொரு வழி. ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைகள் காப்பகம் இருக்க வேண்டும் என்று மகப்பேறு நலச் சட்டத்தில் 2017-இல் சேர்த்தார்கள். இதைத் தனியாளாக அந்தப் பெண் கேட்டால் வேலைக்கே ஆபத்து. நாலைந்து தாய்மாராகச் சேர்ந்து கேட்க வேண்டும்.

பெரியவளை மறந்துவிடாதீர்கள். அவளை யாரும் அடிக்கவில்லை, அதனால் அவள் கணக்கில் வருவதே இல்லை. ஆனால் அம்மாவின் ஷிப்ட் நாட்களில் அவள் பள்ளிக்கு வராததே முதல் எச்சரிக்கை மணி. வகுப்பு ஆசிரியரிடம் பேசி, அவள் இரண்டு நாள் தொடர்ந்து வராவிட்டால் உங்களில் ஒருவருக்குத் தகவல் வரும்படி செய்யுங்கள். பள்ளியிலிருந்து நின்ற பெண் பிள்ளைக்கு அடுத்து வருவது குழந்தைத் திருமணப் பேச்சு.

பணம். வறுமை வேறு, புறக்கணிப்பு வேறு. சோறு இல்லாததால் கொடுக்காத தாயையும், இருந்தும் கொடுக்காத தாயையும் ஒரே பட்டியலில் எழுதுவது அநியாயம். குழந்தைகள் பாதுகாப்புக்கான மத்திய அரசின் மிஷன் வாத்சல்யா திட்டத்தின் நிதி ஆதரவுப் பிரிவில் குழந்தை ஒன்றுக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும். ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, மற்ற இடங்களில் 96,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். ஆலைச் சம்பளத்தோடு வருமானம் வரம்பைத் தாண்டுகிறதா என்று முதலில் பார்த்துக்கொள்ளுங்கள். விதவை, கணவனால் கைவிடப்பட்டவர், கொடிய நோயில் இருப்பவர், பிள்ளைகளைக் கவனிக்க முடியாத நிலையில் இருக்கும் பெற்றோர், இவர்களின் பிள்ளைகள் இதில் வருவார்கள். மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் விண்ணப்பம் கொடுக்க வேண்டும். மாநில அரசின் அன்புக்கரங்கள் திட்டம் மாதம் 2,000 தருகிறது. அது பெற்றோர் இருவரையும் இழந்த, அல்லது ஒருவரை இழந்து மற்றவரால் வளர்க்க முடியாத பிள்ளைகளுக்கு என்பதால் இந்த வீட்டுக்குப் பொருந்தாது, உங்கள் ஊரில் வேறு வீட்டுக்குப் பொருந்தலாம்.

விண்ணப்பம் தள்ளிப்போவதற்குப் பெரும்பாலும் காரணம் காகிதம்தான். பிள்ளையின் ஆதாரில் ஒரு பெயர், பிறப்புச் சான்றில் வேறு பெயர், ரேஷன் கார்டில் கைக்குழந்தை சேர்க்கப்படவே இல்லை, வருமானச் சான்று பழையது, பிள்ளை பெயரில் வங்கிக் கணக்கு இல்லை. ஷிப்டுக்குப் போகும் பெண்ணால் இ-சேவை மையத்துக்கு நாலு நடை நடக்க முடியாது. ஒருநாள் கூலியை இழப்பார். குழுவில் ஒருவர் அந்த நடையை நடந்து கொடுத்தால் அதுவே பெரிய குழந்தைப் பாதுகாப்பு வேலை. இன்னொன்று, அந்த வீட்டுக்கு எத்தனை வாரத் தவணைகள் இருக்கின்றன என்று மெதுவாகக் கேட்டறியுங்கள். மூன்று நான்கு மைக்ரோ பைனான்ஸ் தவணை விழும் நாளும் பிள்ளைக்கு அடி விழும் நாளும் ஒன்றாக இருப்பதைப் பல வீடுகளில் பார்க்கலாம். கூட்டமைப்புக் கடனில் அவற்றை அடைத்து ஒரே மாதத் தவணையாக மாற்ற முடிந்தால் அந்த வீடு மூச்சு விடும்.

அடுத்தது குடி. தந்தையை ஊர்க்கூட்டத்தில் நிறுத்திச் சத்தியம் வாங்குவது வீட்டில் இருப்பவர்கள் தலையில்தான் விடியும். தினமும் நிறையக் குடித்துவந்தவர் சட்டென்று நிறுத்தினால் முதல் இரண்டு நாளில் வலிப்பும், இரண்டாம் நாளிலிருந்து நான்காம் நாள் வரை புத்தி தடுமாறிய ஆவேசமும் வரலாம். உயிரே போகலாம். அரசு மாவட்ட மருத்துவமனையின் போதை மீட்புப் பிரிவில் சேர்த்து நிறுத்துவதே முறை. சாப்பாட்டில் தெரியாமல் மாத்திரை கலந்து கொடுக்கும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. டைசல்பிரம் என்ற அந்த மருந்து உள்ளே இருக்கும்போது குடித்தால் ரத்த அழுத்தம் சரிந்து நெஞ்சு அடைக்கும். தெரியாமல் கொடுக்கவே கூடாது. அவர் சம்மதிக்கும் வரை, சனிக்கிழமை மாலை ஆறு மணியிலிருந்து மறுநாள் காலை வரை பிள்ளைகள் மூவரும் எந்த வீட்டில் இருப்பார்கள் என்பதை முன்கூட்டியே பேசி வையுங்கள். அவர் தெளிவாக இருக்கும் நேரத்தில் அவரிடமும் ஒருவர் பேச வேண்டும், அவர் மதிக்கும் மேஸ்திரியோ பழைய கூட்டாளியோ. அப்பாவை வில்லனாகவே வைத்துக்கொண்டு அம்மாவிடம் மட்டும் பேசும் ஆதரவு பாதியில் நின்றுபோகும்.

அந்த அம்மா அடிவாங்குகிறாரா என்று தனியாகக் கேட்காமல் மேலே போகாதீர்கள். நியூயார்க் மாநிலத்து எல்மைரா என்ற ஊரில் 1970-களின் இறுதியில் டேவிட் ஓல்ட்ஸ் என்ற ஆய்வாளர், முதல் பிள்ளை சுமந்த 400 பெண்களை வைத்து ஒரு சோதனை நடத்தினார். கருவுற்ற காலம் முதல் குழந்தைக்கு இரண்டு வயது ஆகும்வரை செவிலியர்கள் வீடு தேடிப்போன குடும்பங்களில், பதினைந்து ஆண்டு கழித்துப் பார்த்தபோது உறுதிசெய்யப்பட்ட வதை, புறக்கணிப்புப் புகார்கள் ஏறக்குறையப் பாதியாகக் குறைந்திருந்தன. ஆனால் கணவன் மனைவி இடையே அடிதடி மிகுந்திருந்த வீடுகளில் அந்தப் பலன் கிடைக்கவில்லை. தாய்க்குப் பாதுகாப்பு இல்லாத வீட்டில் பிள்ளைக்கு என்று தனியாகப் பாதுகாப்பை உண்டாக்க முடியாது. 181 பெண்கள் உதவி எண், மாவட்ட ஒருங்கிணைந்த சேவை மையம், 2005 குடும்ப வன்முறைச் சட்டத்தின் பாதுகாப்பு அலுவலர் ஆகிய மூன்றையும் அவர் கையில் எழுதிக் கொடுங்கள், கணவன் கண்ணில் படாதபடி.

பிரசவமாகி எட்டு மாதம்தான் ஆகிறது என்பதையும் பாருங்கள். தூக்கம் கெட்டு, காரணமில்லாமல் அழுது, குழந்தையைப் பார்த்தாலே வெறுப்பாக இருக்கிறது என்று ஒரு தாய் சொன்னால் அது கொழுப்பு அல்ல, சிகிச்சை தேவைப்படும் மனச்சோர்வு. மனநல உதவி எண் 14416-இல் தமிழிலேயே பேசலாம், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் காட்டலாம். அப்படியே கைக்குழந்தையின் கைச்சுற்றளவை அங்கன்வாடி நாடாவால் அளக்கச் சொல்லுங்கள். 11.5 செ.மீ.க்குக் கீழே என்றால் கடுமையான ஊட்டச்சத்துக் குறைவு, உடனே மருத்துவமனை.

பையனை அடிப்பது ஏன் என்று கேட்டால், பல வீடுகளில் "சொன்ன பேச்சு கேக்கல, படுக்கையிலேயே மூத்திரம் போறான்" என்றுதான் வரும். நான்கு வயதில் இரவில் படுக்கை நனைவது இயல்பு, ஐந்து ஆறு வயது வரையிலும் கவலைப்பட ஒன்றுமில்லை. இதைத் தெரியாத பெற்றோர்தான் கரண்டியைக் காய்ச்சுகிறார்கள். வயதுக்கு வயது பிள்ளைக்கு என்ன முடியும், என்ன முடியாது என்பதை அங்கன்வாடித் தாய்மார் கூட்டத்தில் பொதுவாகச் சொல்லுங்கள், அந்த ஒரு வீட்டைக் குறிவைக்காமல். பிறந்த இரண்டாம் மாதத்தில் குழந்தையின் அழுகை உச்சத்துக்குப் போகும், என்ன செய்தாலும் அடங்காது, அது தானாகவே குறையும் என்பதையும் கர்ப்பிணிகளுக்கு முன்பே சொல்ல வேண்டும். கோபத்தில் சிசுவைப் பிடித்துக் குலுக்கினால் மூளைக்குள் ரத்தம் கசியும். கை ஓங்கத் தோன்றினால் குழந்தையை மல்லாக்கப் பத்திரமாகப் படுக்கவைத்துவிட்டுப் பத்து நிமிடம் வாசலில் போய் நிற்பது தப்பே இல்லை.

கடைசியாக உங்கள் ஊரின் குழந்தைகள் பாதுகாப்புக் குழு. ஊராட்சித் தலைவர் தலைமையில் ஆசிரியர், அங்கன்வாடிப் பணியாளர், செவிலியர், பிள்ளைகளின் பிரதிநிதிகள் எல்லோரும் கொண்ட ஒரு குழு காகிதத்தில் நிச்சயம் இருக்கும். கையெழுத்து வாங்கிக் கூட்டம் நடந்ததாக எழுதுவதோடு பல இடங்களில் அது முடிந்துபோகிறது. அதைத் தட்டி எழுப்புங்கள், ஆனால் குறிப்பிட்ட குடும்பத்தின் பெயரைப் பொதுக்கூட்டத்திலோ தீர்மானப் புத்தகத்திலோ கொண்டுவராதீர்கள். வாட்ஸ்அப் குழுவில் அந்தப் பிள்ளைகளின் படம் போகவே கூடாது. விவரம் தெரிந்தவர்கள் மூன்று பேருக்கு மேல் இருக்க வேண்டாம். ஊர் வாயில் விழுந்த குடும்பம் இரவோடு இரவாக வீடு மாற்றிப் போய்விடும், பிள்ளைகள் யார் கண்ணிலும் படாத இடத்துக்குப் போய்ச் சேர்வார்கள்.

நான்கு வாரம் கழித்து மூன்றை மட்டும் பாருங்கள்: கைக்குழந்தையின் எடை ஏறியிருக்கிறதா, பெரியவள் எத்தனை நாள் பள்ளிக்கு வந்தாள், பையன் உங்களைக் கண்டதும் ஒளிகிறானா ஓடிவருகிறானா. மூன்றும் நல்லபடி என்றால், முதல் இரண்டு மாதம் முடிந்ததும் சந்திப்பைக் குறைக்கலாம். ஒன்றாவது மோசமானால், அதுவரை செய்ததை எல்லாம் தேதியோடு எழுதி எடுத்துக்கொண்டு மாவட்ட அலகுக்கு நேரில் போங்கள். அந்த அம்மாவிடம் சொல்லிவிட்டே போங்கள், முடிந்தால் அவரையும் கூட்டிக்கொண்டு. ஷிப்ட் மாறினாலோ, பார்த்துக்கொள்ளும் பாட்டி ஊருக்குப் போனாலோ, அந்த மணிக்கணக்குத் தாளை எடுத்து மறுபடியும் முதலிலிருந்து எழுத வேண்டும்.